கார் ஆம்ப்ளிஃபயர் எத்தனை ஆம்பியர் இழுக்கும்?

பெட்டியின் மேல் 1000 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். அதே ஆம்ப்ளிஃபயரின் ஓரத்தில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தால் 25 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. நம்ப வேண்டியது ஃபியூஸை.

காரணம் எளிய பெருக்கல். வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் பொதுவாக 14.4 வோல்ட் வரை. 25 ஆம்பியரைப் பெருக்கினால் 360 வாட். ஆம்ப்ளிஃபயருக்குள் தொடர்ந்து போகக்கூடிய மொத்த மின்சாரமே அவ்வளவுதான். அதில் ஒரு பங்கு சூடாக வீணாகிறது. கிளாஸ் ஏபி என்ற, சூடு அதிகம் வீணாகும் சர்க்யூட் வகையாக இருந்தால் நூற்றுக்கு 60 தான் ஸ்பீக்கருக்குப் போகும். ஆக 216 வாட். ஆயிரம் என்ற எண்ணை வைத்து வயர் வாங்கினால் தேவையில்லாத செலவு. மாறாக, ஃபியூஸ் கணக்குப்படி சின்ன வயர் போட்டவரின் அடுத்த ஆம்ப்ளிஃபயர் நேர்மையான 1000 வாட்டாக இருந்து, போன தடவை போட்ட வயரே போதும் என்று விட்டால் வயர் உருகும்.

பெட்டியில் எதைப் பார்ப்பது? "மேக்ஸ்", "பீக்", "பிஎம்பிஓ" எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று போட்டு, பக்கத்தில் எத்தனை ஓமுக்கு, எத்தனை வோல்ட்டுக்கு, எவ்வளவு டிஸ்டார்ஷனுக்கு (ஒலிச் சிதைவுக்கு) என்று சொல்லியிருக்கும் எண்தான் கணக்குக்கு உதவும். சிடிஏ-2006 என்ற அமெரிக்க அளவீட்டுத் தரத்தின் முத்திரை இருந்தால் அந்த எண் 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீத டிஸ்டார்ஷன் என்ற ஒரே அளவுகோலில் எடுத்தது. முத்திரையும் இல்லை, ஆர்எம்எஸும் இல்லை என்றால் ஃபியூஸ் கணக்குதான் கதி.

டாஷ்போர்டில் இருக்கும் செட்டுக்கும் இதே பரிசோதனையைச் செய்யலாம். "4 × 50 வாட்" என்று எழுதாத செட் கிடையாது. பின்னால் இருக்கும் ஃபியூஸோ 10 அல்லது 15 ஆம்பியர். அந்த 50 எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. செட்டுக்குள் வோல்டேஜை ஏற்றும் பவர் சப்ளை கிடையாது. 14.4 வோல்ட்டை அப்படியே பிரிட்ஜ் முறையில் (இரு முனையையும் எதிரெதிராகத் தள்ளி) ஸ்பீக்கருக்குக் கொடுக்கிறது. 4 ஓம் ஸ்பீக்கரில் 14.4 வோல்ட் உச்சமுள்ள சைன் அலை (ஒரே சுருதியின் சீரான அலை) தரக்கூடியது 14.4 × 14.4 ÷ 8, அதாவது 26 வாட்டுக்குச் சற்றுக் கீழே. அதே சிப்பை முழுக்க கிளிப் ஆக்கி (அலையின் தலை வெட்டுப்படும்வரை ஏற்றி), சதுர அலையாக வெளியே தள்ளினால் 14.4 × 14.4 ÷ 4, கிட்டத்தட்ட 52 வாட். பெட்டியில் இருக்கும் 50 இதுதான். காதால் கேட்கத்தக்க சுத்தமான ஒலி என்றால் ஒரு சேனலுக்கு 20 வாட் சொச்சம்தான். செட்டுக்குத் தனி வயர் இழுக்க வேண்டிய அவசியமே இல்லாததும் இதனால்தான்.

இனி தனி ஆம்ப்ளிஃபயருக்கு வருவோம். "இது எத்தனை ஆம்பியர் இழுக்கும்" என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. மூன்று விடைகள் உண்டு. முழு வால்யூமில் சைன் டோன் போட்டால் இழுப்பது முதலாவது. பாட்டு ஓடும்போது சராசரியாக இழுப்பது இரண்டாவது. பாட்டே இல்லாமல் ஆன் ஆகி இருக்கும்போதும், ஆஃப் ஆன பிறகும் இழுப்பது மூன்றாவது. வயரும் ஃபியூஸும் முதலாவதை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவை. ஆல்டர்னேட்டர் தாங்குமா என்பதற்கு இரண்டாவது. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்பதற்கு மூன்றாவது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுக் கணக்குப் பார்ப்பதால்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது.

முழு கரன்ட்

நம் ஊர்ச் சின்னக் கார்களில் அடிக்கடி பார்க்கும் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். கதவு ஸ்பீக்கர்களுக்கு 4 சேனல் கிளாஸ் ஏபி, சேனலுக்கு 50 வாட் ஆர்எம்எஸ். டிக்கியில் சப் வூஃபருக்கு 300 வாட் மோனோ (ஒரே சேனல்) கிளாஸ் டி, அதாவது சூடு குறைவாக வீணாகும் வகை. இரண்டும் 4 ஓமில்.

ஆம்பியர் = மொத்த ஆர்எம்எஸ் வாட் ÷ திறன் ÷ வோல்ட். திறன் என்பது உள்ளே போவதில் எவ்வளவு ஸ்பீக்கருக்கு வருகிறது என்ற விகிதம். முழு வால்யூமில் கிளாஸ் ஏபிக்கு 0.6, கிளாஸ் டிக்கு 0.8 என்று வைத்துக்கொள்ளலாம். கிளாஸ் டி 90 சதவீதம் என்று விளம்பரத்தில் இருக்கும். அது அவுட்புட் பகுதிக்கு மட்டும் உரியது. 12 வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் பவர் சப்ளையின் இழப்பையும் சேர்த்தால் 80 தான் பத்திரமான எண்.

நாலு சேனல்: 200 ÷ 0.6 = 333 வாட். 333 ÷ 13.8 = 24 ஆம்பியர். மோனோ: 300 ÷ 0.8 = 375 வாட். 375 ÷ 13.8 = 27 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து 51.

வோல்ட்டுக்கு 12 போடுவதா, 14.4 போடுவதா என்று ஒரு வாக்குவாதம் எப்போதும் நடக்கும். 12 போட்டால் ஆம்பியர் கூடுகிறதே என்ற பயம் இதில் இருக்கிறது. வோல்டேஜ் குறைந்தாலும் அதே வாட்டைக் கொடுத்தே தீரும் ரெகுலேட்டட் ஆம்ப்ளிஃபயரில் அந்தப் பயம் நியாயமானது. அதில் வோல்ட் குறையக் குறைய கரன்ட் ஏறும். ஆனால் கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அன்ரெகுலேட்டட். அவற்றில் வோல்டேஜ் இறங்கினால் வாட்டும் இறங்கும், கரன்ட்டும் இறங்கும். 14.4 வோல்ட்டில் 50 வாட் தருவது 12 வோல்ட்டில் 35 வாட்டுக்கும் சற்றுக் குறைவாகத்தான் தரும், ஏனென்றால் வாட் வோல்ட்டின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. 13.8 போட்டுக் கணக்கிட்டால் அன்ரெகுலேட்டட் வகைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். வயர் விஷயத்தில் அந்தக் கூடுதல் நல்லதே.

இதையெல்லாம் தலைகீழாக்கும் ஒன்று ஸ்பீக்கரின் ஓம். இரட்டை வாய்ஸ் காயில் சப் வூஃபரில் ஒவ்வொரு காயிலும் 4 ஓம் என்றால், பேரலலாக இணைத்தால் 2 ஓம், சீரீஸில் 8 ஓம். 4 ஓமில் 300 வாட் தரும் மோனோ, 2 ஓமில் 500 வாட் தருவதாக வைத்துக்கொண்டால் திறனும் 0.75க்கு இறங்கியிருக்கும். 500 ÷ 0.75 ÷ 13.8 = 48 ஆம்பியர். ஆம்ப்ளிஃபயர் அதேதான், வயரும் அதேதான், டிக்கியில் 4 ஓம் சுமை 2 ஓம் ஆனதில் 27 ஆம்பியர் 48 ஆகிவிட்டது. "நேற்று வரை நன்றாக ஓடியது, சப்பை மாற்றியதும் ஃபியூஸ் போகிறது" என்று வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 4 சேனலில் இரண்டு சேனலை பிரிட்ஜ் செய்து 4 ஓம் சப் போட்டாலும் ஒவ்வொரு சேனலும் 2 ஓம் சுமையைத்தான் பார்க்கிறது. அந்த ஜோடியின் கரன்ட் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

பாட்டு ஓடும்போது

51 ஆம்பியரைப் பார்த்துப் பயந்து ஆல்டர்னேட்டரை மாற்றக் கிளம்ப வேண்டாம். பாட்டு என்பது சைன் டோன் அல்ல. டிரம் அடி விழும் நொடியில் உச்சம், அடுத்த நொடியில் அடக்கம். உச்சம் கிளிப் ஆகாத அளவுக்கு வால்யூமை வைத்தால் சராசரி வாட் முழு வாட்டில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். கம்ப்ரஸ் செய்து எப்போதும் உச்சத்திலேயே ஒலிக்கும் குத்துப் பாட்டுகளுக்கு மூன்றில் ஒரு பங்கு வரை போகும்.

இங்கேதான் பலரும் தவறுவார்கள். வாட் எட்டில் ஒன்றானால் கரன்ட்டும் எட்டில் ஒன்று, 24 ÷ 8 = 3 ஆம்பியர் என்று போட்டுவிடுவார்கள். கிளாஸ் ஏபியில் அப்படி வராது. அதன் கரன்ட் வாட்டைப் பின்தொடர்வதில்லை, அலையின் உயரத்தைப் பின்தொடர்கிறது. வாட் எட்டில் ஒன்றாகும்போது உயரம் 0.35 மடங்குதான் ஆகிறது. ஆக 24 × 0.354 = 8.5, அதோடு சும்மா இருக்கும்போதே இழுக்கும் ஓர் ஆம்பியர், மொத்தம் 9.5. மூன்றில் ஒரு பங்கு வாட் என்றால் 24 × 0.58, ஓர் ஆம்பியர் சேர்த்து 15. மிதமான வால்யூமில் கிளாஸ் ஏபி ஏன் அவ்வளவு சுடுகிறது என்பதற்கும் இதுதான் விடை. ஸ்பீக்கருக்குப் போவது 25 வாட், உள்ளே வருவது 130 வாட். மீதி நூற்றுச் சொச்சம் அலுமினிய ஹீட் சிங்கில்தான் இறங்குகிறது. சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டால் மூடி வைத்தால் சிறிது நேரத்தில் தெர்மல் கட்டாகி (சூடு கூடித் தானாக அணைந்து) நிற்பதில் வியப்பில்லை.

கிளாஸ் டி இந்த விஷயத்தில் தேவலாம். சப்புக்குப் போகும் பாஸ் கதவு ஸ்பீக்கரின் ஒலியைவிட அடர்த்தியானது. அதனால் மூன்றில் ஒரு பங்கையே எடுப்போம். 100 வாட் ÷ 0.75 ÷ 13.8 = 9.7. இரண்டையும் கூட்டினால் சத்தமாகப் பாட்டு கேட்கும்போது 19 முதல் 25 ஆம்பியருக்குள். அந்த 51க்குப் பதிலாக இதுதான் ஆல்டர்னேட்டருக்குத் தெரியும் சுமை.

ஆல்டர்னேட்டரின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட், இத்தனை ஆம்பியர் என்று இருக்கும். சின்னக் கார்களில் அது 60 முதல் 90க்குள் இருப்பதே வழக்கம். அது இன்ஜின் வேகமாகச் சுழலும்போது கிடைப்பது. சிக்னலில் ஐட்லிங்கில் நிற்கும்போது பாதியை ஒட்டித்தான் வரும். 75 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஐட்லிங்கில் 38 தருகிறது என்று வைத்துக்கொண்டு மே மாதச் சென்னை மாலை நெரிசலில் அதை நிறுத்திப் பாருங்கள். இன்ஜெக்ஷன், இக்னிஷன், ஃப்யூயல் பம்ப்புக்கு 10. ஏசி புளோயர் முழு வேகத்தில் 12. ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது 12. கம்ப்ரசர் கிளட்ச் 4. ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் 9. கூட்டினால் 47. பாட்டே போடாமல் 47! ஃபேன் விட்டு விட்டு ஓடுவதால்தான் வண்டி சமாளிக்கிறது. இதன் மேல் 20 ஆம்பியரை ஏற்றினால் அது பேட்டரியிலிருந்துதான் வரும். ஓஎம்ஆர் (சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை) மேல் நிற்காமல் ஓடும்போது அதே வண்டி அதே பாட்டுக்கு எந்தக் கஷ்டமும் படாது. ஒரே அமைப்பை ஒருவர் பிரச்சினையே இல்லை என்பதும் இன்னொருவர் மாதம் ஒருமுறை பேட்டரி இறங்குகிறது என்பதும் ஓட்டும் இடத்தைப் பொறுத்தது.

உங்கள் வண்டியில் இது எப்படி என்று பார்க்க மல்டிமீட்டர் போதும். ஐட்லிங்கில் ஏசி, ஹெட்லைட், பாட்டு மூன்றையும் போட்டு பேட்டரி முனையில் வோல்டேஜ் பாருங்கள். 13.5க்கு மேல் நின்றால் கவலை இல்லை. 12.6க்குக் கீழ் இறங்கி அங்கேயே நின்றால் பேட்டரி கரைந்துகொண்டிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: புதிய வண்டிகள் பலவற்றில் எரிபொருள் மிச்சத்துக்காக ஆல்டர்னேட்டர் வோல்டேஜைக் கம்ப்யூட்டரே வேண்டுமென்று இறக்கி ஏற்றுகிறது. அவற்றில் ஒரு தடவை 12.8 தெரிந்தாலே கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள். பேட்டரி நெகட்டிவ் வயரில் கிளாம்ப் மீட்டர் வைத்து கரன்ட் உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று பார்ப்பதே சரி. அந்த வண்டிகளில் நெகட்டிவ் முனையில் ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும். ஆம்ப்ளிஃபயரின் எர்த்தை நேராக பேட்டரி நெகட்டிவ் முனையில் மாட்டினால் அந்த சென்சார் கணக்கில் இந்த 20 ஆம்பியர் வராமலே போகும். எர்த் பாடியில்தான் வர வேண்டும்.

பாஸ் அடிக்கும்போது லைட் மங்குவதற்கு 1 ஃபாரட் கப்பாசிட்டர் போடச் சொல்வார்கள். 13.8 வோல்ட்டிலிருந்து 12.8க்கு இறங்கும்வரை அது தரக்கூடியது 13 ஜூல் சொச்சம். 375 வாட் கேட்கும் மோனோவுக்கு அது ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் வரும். ஒற்றை டிரம் அடியின் தொடக்கத்தை ஏந்திக்கொள்ளும், அவ்வளவே. ஆம்பியர் பற்றாக்குறைக்கு அது மருந்தல்ல. அந்தக் காசை நல்ல வயருக்கும் பேட்டரிக்கும் போடலாம்.

அளந்து பார்ப்பது

கணக்கை நம்பாதவர்கள் அளக்கலாம், அளக்கவும் வேண்டும். முதல் விதி: மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் செருகி ஆம்ப்ளிஃபயர் லைனில் தொடராக மாட்டாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் இல்லாத மலிவு மீட்டராக இருந்தால் மீட்டரே போகும்.

வேண்டியது டிசி கரன்ட் காட்டும் கிளாம்ப் மீட்டர். சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் மீட்டராக இருக்கலாம். டிசி வோல்டேஜ் காட்டும், டிசி கரன்ட் காட்டாது. காரில் வைத்தால் பூஜ்யம்தான் வரும். "ஏ" எழுத்தின் பக்கத்தில் நேர்கோடும் அடியில் புள்ளிக்கோடும் இருக்கிறதா, ஜீரோ பட்டன் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வயரைத் தாடைக்குள் விடும் முன், மீட்டரை அளக்கப்போகும் இடத்திலேயே, அதே சாய்வில் பிடித்து ஜீரோ அழுத்துங்கள். உள்ளே இருப்பது காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார். பூமியின் காந்தமும் அதற்குத் தெரியும், திசை மாறினால் எண் மாறும். சப் வூஃபரின் காந்தத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. பாசிட்டிவ் வயர் ஒன்றை மட்டும் தாடைக்குள் விடுங்கள். பாசிட்டிவும் நெகட்டிவும் சேர்ந்து உள்ளே போனால் ஒன்றையொன்று அடித்துப் பூஜ்யம் வரும்.

முழு கரன்ட்டை அளக்க 50 ஹெர்ட்ஸ் சைன் டோன் கோப்பு ஒன்றைப் போனில் ஏற்றி செட்டில் ஓட விடுங்கள். கதவு ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரில் தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் ஹை பாஸ் ஃபில்டரை அணைத்துவிட்டு இதைச் செய்ய வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். மலிவான மீட்டரும் 50 ஹெர்ட்ஸில் சரியாகக் காட்டும், அதனால்தான் இந்த டோன். 4 ஓமில் 50 வாட் என்றால் 14.1 வோல்ட், 300 வாட் என்றால் 34.6 வோல்ட். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண் அது. அந்த வோல்ட் வரும்வரை வால்யூமை ஏற்றி, கிளாம்ப் மீட்டரைப் படித்து, உடனே இறக்குங்கள். ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம். தொடர் டோனில் வாய்ஸ் காயில் எரிந்து மணம் வந்தபின் ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்பீக்கரைப் பணயம் வைக்க மனமில்லை என்றால் டம்மி லோடு கட்டலாம். 100 வாட் அலுமினியக் கூட்டு ரெசிஸ்டர், 4 ஓம், நான்கு வாங்கி இரண்டிரண்டாக சீரீஸில் வைத்து அந்த இரண்டு ஜோடியைப் பேரலல் செய்தால் மறுபடி 4 ஓம், 400 வாட். தடித்த அலுமினியத் தகட்டில் திருகி வையுங்கள், இல்லாவிட்டால் அந்த 100 வாட்டைத் தாங்காது. ரெசிஸ்டரில் எடுக்கும் எண் ஸ்பீக்கரில் எடுப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் சப்பின் ஓம் சில அதிர்வெண்களில் 4லிருந்து பல மடங்கு ஏறும், அங்கே கரன்ட் குறையும். வயருக்கு ரெசிஸ்டர் எண்ணையே எடுங்கள்.

பாட்டுக் கரன்ட்டுக்கு வழக்கமாகக் கேட்கும் வால்யூமில், வழக்கமாகக் கேட்கும் பாட்டில் ஒரு நிமிடம் பார்த்தால் போதும். குறைவு, கூடுதல், சராசரி மூன்றையும் பதியும் மீட்டர் என்றால் வேலை எளிது.

கிளாம்ப் மீட்டர் இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது, அது வயரையே மீட்டராக்குவது. நல்ல செம்பில் 16 ஸ்கொயர் எம்எம் ஃப்ளெக்ஸிபிள் வயர் ஒரு மீட்டருக்கு 1.21 மில்லி ஓம். 10 ஸ்கொயர் என்றால் 1.91, 25 என்றால் 0.78. ஃபியூஸ் ஹோல்டரின் வெளிமுனைக்கும் ஆம்ப்ளிஃபயரின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே 4.5 மீட்டர் 16 ஸ்கொயர் இருந்தால் 5.45 மில்லி ஓம். நீள வயர் ஒட்டிய ப்ரோபால் இரு முனைக்கும் இடையே மில்லிவோல்ட் பாருங்கள். 163 மில்லிவோல்ட் காட்டினால் 163 ÷ 5.45 = 30 ஆம்பியர். வெயிலில் வயர் 45 டிகிரியில் இருந்தால் ஓம் பத்து சதவீதம் கூடியிருக்கும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். முனைத் திருகுகள் நன்றாக இறுகியிருக்க வேண்டும்.

இதில் இன்னொரு பயன் உண்டு. கிளாம்ப் மீட்டர் 20 காட்டும்போது இந்த முறையில் 30 வந்தால், வயர் செம்பு இல்லை. செம்பு பூசிய அலுமினியம், கடைக்காரர் வாயில் சிசிஏ. அதன் ஓம் செம்பைவிட ஒன்றரை மடங்கு. "ஆம்ப்ளிஃபயர் கிட்" என்று பாலித்தீன் பையில் வருவதில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். வாங்கும்போதே கண்டுபிடிக்க, ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். எடையும் சொல்லும்: 16 ஸ்கொயர் சுத்தச் செம்பு மீட்டருக்கு மேலுறை இல்லாமல் 140 கிராமுக்கு மேல் இருக்கும். மேலே "4 கேஜ்" என்று எழுதியிருந்தும் தடிமனெல்லாம் ரப்பராகவே இருக்கும் வயர்களும் உண்டு. வெட்டி உள்ளே இருக்கும் உலோகத்தைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

வயரும் ஃபியூஸும்

51 ஆம்பியருக்கு 16 ஸ்கொயர் செம்பு, பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர்: 51 × 6.05 மில்லி ஓம் = 0.31 வோல்ட் இழப்பு. இது சரி. அதே நீளம் 10 ஸ்கொயர் என்றால் 0.49 வோல்ட், வயரில் மட்டும் 25 வாட் சூடு. ஓடும், ஆனால் மனம் ஒப்பாது. 16 ஸ்கொயர் சிசிஏவும் ஏறத்தாழ அவ்வளவுதான், அதாவது 16 என்று காசு கொடுத்து 10 வாங்கியது போல.

மெயின் ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பதற்கு அல்ல, வயரைக் காப்பதற்கு. அதனால் அதன் அளவு வயரின் தாங்குதிறனைத் தாண்டக் கூடாது. 10 ஸ்கொயருக்கு 50 ஆம்பியர், 16க்கு 80, 25க்கு 100 என்ற உச்சவரம்பில் நின்றால் இன்ஜின் சூட்டிலும் பயமில்லை. நம் 51க்கு 60 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். அதை பேட்டரி பாசிட்டிவிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் வையுங்கள். டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் அழகாக மாட்டிவிட்டு, ஃபயர்வால் துளையில் ரப்பர் குரோமெட் இல்லாமல் வயரை விட்டால், தகடு உராய்ந்து ஷார்ட் ஆகும் இடத்துக்கும் பேட்டரிக்கும் இடையில் ஃபியூஸே இல்லை. தீப்பிடிக்கும் வண்டி அதுதான்.

ஃபியூஸின் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 30 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் 31 ஆம்பியரில் போய்விடாது. பத்து சதவீதம் கூடுதலை மணிக்கணக்கில் தாங்கும். 35 சதவீதம் கூடுதலில் பத்து நிமிடம் வரைகூட நிற்கலாம். இரட்டிப்பில்தான் ஐந்து நொடிக்குள் போகும். சத்தம் அதிகமாகி ஆம்ப்ளிஃபயர் கிளிப் ஆகும்போது அலை சதுரமாகி, சைனில் 24 இழுத்த கிளாஸ் ஏபி கணக்குப்படி 38 வரை போகலாம். பிக்னிக் போகும் வழியில் ஃபுல் வால்யூமில் இரண்டு மூன்று பாட்டு நன்றாக ஓடி, அதற்கப்புறம் ஃபியூஸ் போவது இதனால்தான். அப்போது 30ஐ எடுத்துவிட்டு 40 போடுவது தவறான வைத்தியம். கெயினை (ஆம்ப்ளிஃபயரில் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகை) குறைக்க வேண்டும்.

எர்த் வயரும் பாசிட்டிவ் தடிமனில், அரை மீட்டருக்குள், பெயிண்டைச் சுரண்டி வெறும் தகட்டில், கிரிம்ப் செய்த லக்கோடு. சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டாதீர்கள். டோன் ஓடும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் ஆம்ப்ளிஃபயர் நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.1, 0.15 இருந்தால் நல்லது. 0.5 வந்தால் லக்குக்கு அடியில் பெயிண்ட் இருக்கிறது.

சும்மா இருக்கும்போது

கிளாஸ் ஏபி 4 சேனல் பாட்டே இல்லாமல் 1 முதல் 2 ஆம்பியர் இழுப்பது இயல்பு. ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்யும் நீல நிற ரிமோட் வயரில் 12 வோல்ட் இருக்கும்வரை இது போய்க்கொண்டே இருக்கும். அந்த நீல வயரை செட்டின் ரிமோட் அவுட்டில் கொடுக்காமல், கைக்கு எட்டிய எப்போதும் கரன்ட் வரும் லைனில் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 1.2 ஆம்பியர், இரவு 12 மணி நேரம், 14.4 ஆம்பியர் அவர். சின்னக் காரில் இருக்கும் 35 ஆம்பியர் அவர் பேட்டரியில் ஒரே இரவில் நாற்பது சதவீதம். இரண்டாம் நாள் காலை டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வரும்.

ஆஃப் ஆனபிறகு இழுப்பதை அளக்க மட்டும் மல்டிமீட்டரைத் தொடராக மாட்டலாம். ஆம்ப்ளிஃபயரின் பாசிட்டிவ் வயரில், முதலில் 10 ஆம்பியர் துளையில் தொடங்கி, சில மில்லி ஆம்பியர்தான் என்று உறுதியான பின்பே சின்ன ரேஞ்சுக்கு மாறுங்கள். மாட்டிய முதல் நொடியில் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆகப் பெரிய கரன்ட் பாயும். அதற்கு முன் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடராக வைத்துத் தொட்டால் பல்பு ஒரு கணம் எரிந்து அணையும், கப்பாசிட்டர் நிரம்பிவிடும், பொறியும் வராது. ஃபியூஸ் மாட்டும் ஒவ்வொரு முறையும் இந்தப் பல்பைப் பயன்படுத்தலாம்.

நல்ல ஆம்ப்ளிஃபயர் ஆஃபில் சில மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்காது. வண்டி முழுவதும் பூட்டித் தூங்கியபின் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும், அதற்குக் கதவைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருந்து அளக்க வேண்டும். 50 மில்லி ஆம்பியர் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர், பத்து நாள் ஊருக்குப் போனாலும் வண்டி எழும்பும்.

இன்ஜினை அணைத்துவிட்டு பாட்டு கேட்பவர்களுக்கும் இதே பேட்டரிதான். 35ஐ 20ஆல் வகுத்து ஒன்றே முக்கால் மணி நேரம் என்று போடக் கூடாது. 35 என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் எண், 20 ஆம்பியரில் அவ்வளவு கிடைக்காது. பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுளும் குறையும், ஸ்டார்ட்டருக்கும் மிச்சம் வேண்டும். அரை மணி நேரம் போதும், அதற்கு மேல் என்றால் இன்ஜினை ஓட விடுங்கள்.